விதைக்குச் சீட்டு உண்டு, புரோகிராமுக்கு இல்லையா?

மல்லாட்டை விதை வாங்கப் போகும் விவசாயி, மூட்டையை அப்படியே தூக்கி வண்டியில் போட்டுக்கொண்டு வருவதில்லை. முதலில் சீட்டைப் பார்க்கிறார். சான்று விதை என்றால் நீலச் சீட்டு. என்ன ரகம், எந்தக் குவியல், எந்தத் தேதிவரை செல்லும்? எல்லாம் அதில் உண்டு. திண்டிவனம் ஆராய்ச்சிப் பண்ணையில் பிறந்த ரகங்களுக்கு 'டி.எம்.வி.' என்று பெயர். டி.எம்.வி.2 வெளிவந்தது 1940-ல். ஊர்ப் பெயரே முத்திரை ஆகிவிட்டது!

அதே திண்டிவனத்தில், அதே மல்லாட்டைக்குப் பில் போடும் மண்டிக் கம்ப்யூட்டரைப் பாருங்கள். அதில் ஓடும் புரோகிராமில் என்னென்ன கலந்திருக்கிறது? மண்டிக்காரருக்குத் தெரியாது. பல சமயம், எழுதிக் கொடுத்தவருக்கே தெரியாது!

இரவல் சரக்கு

இன்று யாரும் ஒரு புரோகிராம் முழுவதையும் தன் கையால் எழுதுவதில்லை. தேதி கணக்கிட ஒன்று, பில் அச்சடிக்க ஒன்று, கடவுச்சொல்லைப் பூட்டிவைக்க ஒன்று என்று, பிறர் எழுதி இலவசமாகக் கொடுத்த துண்டுகளை எடுத்துச் சேர்க்கிறார்கள். இந்தத் துண்டுகளுக்கு 'லைப்ரரி' என்று பெயர். புத்தகசாலை அல்ல, பெயர்தான் அப்படி.

இதில் தவறு ஒன்றுமில்லை. இட்லிக் கடைக்காரர் உளுந்து பயிரிடுவதில்லையே! ஆனால் உளுந்தில் கல் இருக்கிறதா என்று பார்த்துத்தான் ஊறப்போடுகிறார்.

லைப்ரரிகளிலும் கல் உண்டு. ஓர் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் அதற்கு 'சி.வி.இ.' என்று ஒரு நம்பர் கொடுத்து, ஊரறிய வெளியிடுகிறார்கள். 1999 முதல் நடக்கும் ஏற்பாடு இது. பட்டியலைப் போலீசும் படிக்கலாம், திருடனும் படிக்கலாம். சங்கடமே அங்குதான். ஓட்டை தெரிந்த நாள் முதல், யார் முந்துவது என்ற பந்தயம் ஆரம்பமாகிவிடுகிறது.

அமெரிக்காவில் எக்விஃபாக்ஸ் என்ற கம்பெனி அந்தப் பந்தயத்தில் தோற்றது. 'ஸ்ட்ரட்ஸ்' என்ற இரவல் சரக்கில் ஓட்டை. 2017 மார்ச்சிலேயே மருந்து வந்துவிட்டது. கம்பெனி அதைப் போடவில்லை. மே மாதம் திருடர்கள் நுழைந்தார்கள். சுமார் 14 கோடியே 70 லட்சம் பேரின் விவரங்கள் பறிபோயின!

பஸ் தூரத்தில் ஒரு கதை

அமெரிக்காக் கதை நமக்கெதற்கு என்பீர்கள். விழுப்புரத்தில் சென்னை பஸ் ஏறுங்கள். திண்டிவனம் தாண்டி, செங்கல்பட்டு தாண்டி, கூடுவாஞ்சேரி வரும். அந்தப் பக்கத்தில்தான் ஜோஹோ கம்பெனி இருக்கிறது. உலகமெங்கும் சரக்கு விற்கும் தமிழ்நாட்டுக் கம்பெனி, நமக்குப் பெருமைதான்.

அதன் 'மானேஜ்எஞ்சின்' வரிசையில் 20-க்கு மேற்பட்ட புரோகிராம்களில் 2022-ல் ஓர் ஓட்டை வெளிப்பட்டது. கண்டுபிடித்தவர் வியட்நாமில் ஒரு கம்பெனியின் ஆராய்ச்சியாளர். ஓட்டைக்குக் காரணம் என்ன? 'அப்பாச்சி சான்டுவாரியோ' என்ற இரவல் லைப்ரரி. அதுவும் பல ஆண்டுப் பழசான 1.4.1 பதிப்பு. அந்தப் பதிப்பில் சில பாதுகாப்புகளை, எடுத்துப் பயன்படுத்துகிறவரே செய்துகொள்ள வேண்டும். அது செய்யப்படவில்லை.

ஒற்றை நுழைவுக்கான ஒரு வசதியை இயக்கிவைத்தவர்களுக்கே ஆபத்து, எல்லோருக்கும் இல்லை. ஜோஹோ 2022 அக்டோபர், நவம்பரில் புதுப் பதிப்புகளை வெளியிட்டுவிட்டது. ஆனால், வாங்கியவர்கள் எல்லோரும் அதை உடனே போட்டார்களா? 2023 ஜனவரியிலேயே அமெரிக்காவில் ஒரு விமானத் துறை நிறுவனத்துக்குள் இந்த வழியாக ஆட்கள் புகுந்தார்கள் என்று அந்நாட்டு அரசாங்கம் அந்த ஆண்டு செப்டம்பரில் அறிவித்தது.

இவ்வளவு பெரிய கம்பெனிக்கே இந்தக் கதி என்றால், மாடியறையில் இரண்டு பேர் உட்கார்ந்து எழுதித் தரும் ஆஸ்பத்திரிப் புரோகிராமுக்கு என்ன கதி?

காசு கேட்காத சோதனை

சோதிக்கச் செலவில்லை என்பதுதான் வேடிக்கை. 'ஓ.எஸ்.வி.-ஸ்கேனர்', 'டிபென்டன்சி-செக்' போன்ற கருவிகள் இலவசம். புரோகிராமில் சேர்ந்திருக்கும் லைப்ரரிகளைப் பதிப்பு எண்ணோடு பட்டியலிட்டு, ஓட்டைப் பட்டியலோடு ஒப்பிட்டுச் சொல்லிவிடும். மத்திய அரசின் 'செர்ட்-இன்' அமைப்பும், இப்படி உள்ளடக்கப் பட்டியல் வைக்கும் முறையை 2024 அக்டோபரில் வெளியிட்டிருக்கிறது. அரசுத் துறை, பொதுத்துறை, அத்தியாவசியச் சேவை, மென்பொருள் ஏற்றுமதி எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான்.

எழுதுகிறவர்கள் ஒரு சமாதானம் சொல்வார்கள். "ஓடுகிற வண்டியில் ஏன் கை வைக்க வேண்டும்? ஒன்றை மாற்றினால் இன்னொன்று நிற்கிறது!" உண்மைதான். கருவி வீண் கூச்சலும் போடும். பட்டியலில் ஏறாத ஓட்டை அதன் கண்ணில் படவே படாது. 2024-ல் 'எக்ஸ்.இசட்.' என்ற லைப்ரரியில் ஒருவன் வேண்டுமென்றே கள்ளவாசல் வைத்தான். அதைப் பிடித்தது பட்டியல் அல்ல. கம்ப்யூட்டர் அரை வினாடி தாமதிக்கிறதே என்று சந்தேகப்பட்ட ஒரு மனிதர்தான் பிடித்தார். அதற்காக, தெரிந்த ஓட்டையையும் திறந்தே போட்டுவைப்பதா?

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் அண்ணா பல்கலைக்கழகத்து என்ஜினீயரிங் கல்லூரிகள் இருக்கின்றன. கடைசி வருஷ மாணவர்கள் ஆளுக்கொரு புரோகிராம் எழுதிக் கொடுக்கிறார்கள். அதோடு உள்ளடக்கப் பட்டியலும் சோதனை முடிவும் வைத்தால்தான் மார்க் என்று ஆசிரியர்கள் சொல்லிவிடட்டுமே! சட்டம் தேவையில்லை; சர்க்கார் உத்தரவு தேவையில்லை. அந்தப் பிள்ளைகள்தான் நாளை நம் மண்டிக்கும் ஆஸ்பத்திரிக்கும் எழுதப் போகிறவர்கள்.

எனக்குத் தெரிந்த மண்டிக்காரர் ஒருவர் கேட்டே விட்டார். "தம்பி, இதுல என்னென்ன சரக்கு போட்டிருக்க? எழுதிக் குடு." பையன் முதலில் சிரித்தான். பிறகு அவர் எதிரிலேயே கருவியை ஓட்டினான். அவனாக எடுத்துப் போட்ட லைப்ரரிகள் பதினொன்று. அவை தம் பங்குக்கு இழுத்துவந்தவை நூறைத் தாண்டின! சிவப்பில் நாலு வந்தது. பையன் முகத்தில் சிரிப்பு இல்லை.

"அய்யா, மூணு நாள் வேலை இருக்குது" என்றான்.

கூலி எவ்வளவு என்று பேச்சு வந்தது. இரண்டு மூட்டை மல்லாட்டை விலைக்கு முடித்தார்கள்.