மெட்டு யாருடையது?



சேக்காட்டிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். மகனும் பள்ளித் தோழர்கள் மூவரும் மொட்டை மாடியில் ராக் இசை பழகுகிறார்கள். ஆவடி, பட்டாபிராம் பக்கம் சில கல்லூரி விழாக்களிலும் வாசித்திருக்கிறார்கள். சொந்தமாக ஒரு பாட்டு செய்து யூடியூபில் போட்டதும் சண்டை வந்துவிட்டது. பாடியவன் பெயர் பெரிதாக வந்ததாம், எழுதியவன் பெயரே இல்லையாம். "ஒரே தட்டில் சாப்பிட்ட பிள்ளைகள், தெருவில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். என்ன செய்யட்டும்?" என்று கேட்கிறார்.

அம்மா, உங்கள் பிள்ளைகள் பொல்லாதவர்கள் அல்ல. தான் செய்ததைத் தன் பெயரோடு பார்க்க ஆசைப்படாதவர் யாரும் கலைப் பக்கம் வருவதில்லை.

பெரிய கலைஞர்களுக்கும் இது நேர்ந்திருக்கிறது. 2021 மார்ச்சில் 'என்ஜாய் எஞ்சாமி' பாட்டு வந்தபோது பாடகர்கள் அறிவு, தீ, இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் என்று மூன்று பெயர்களையும் ஒரே மூச்சில் சொன்னோம். அந்த ஆகஸ்டில் வந்த ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் தீ இருந்தார், அறிவு இல்லை. மறு ஆண்டு ஜூலையில், செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அந்தப் பாட்டு ஒலித்தபோதும் மேடையில் அறிவு இல்லை. பிறகு பாட்டு உருவான கதையை மூவரும் தனித்தனியே எழுதினார்கள். மூன்றையும் படித்தேன். ஒரே பாட்டின் பிறப்பை மூவரும் மூன்று விதமாக நினைவில் வைத்திருந்தார்கள். யாரும் பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. அதுதான் அதிகம் வலித்தது.

பஞ்சகனியில் பள்ளிப் படிப்பு படித்த பிரெடி மெர்க்குரியின் 'குயின்' குழுவிலும் இந்த வலி இருந்தது. 1975இல் 'பொஹீமியன் ராப்சடி' இசைத்தட்டின் மறுபக்கத்தில் டிரம்மர் ரோஜர் டெய்லர் எழுதிய பாட்டு. ஜனங்கள் வாங்கியது பிரெடியின் பாட்டுக்காக. ஆனால் தட்டு விற்க விற்க இருவருக்கும் சமமான ராயல்டி! அந்தக் கசப்பு லேசில் போகவில்லை. 1989இல் 'தி மிராக்கிள்' தொகுப்பின்போதுதான், யார் எழுதினாலும் குழுவின் பெயரிலேயே போடுவது என்று நால்வரும் முடிவெடுத்தார்கள். அதற்குப் பிறகு எந்தப் பாட்டைச் சேர்ப்பது என்பதைப் பாட்டின் தரத்தைப் பார்த்தே பேச முடிந்தது என்று கிதார் கலைஞர் பிரையன் மே சொல்லியிருக்கிறார்.

நம் நாட்டிலும் சட்டம் துணைக்கு இருக்கிறது. பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் செய்த திருத்தத்தின்படி, பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தங்கள் ராயல்டி உரிமையை ஒப்பந்தம் போட்டு எந்தக் கம்பெனிக்கும் விட்டுக்கொடுக்க முடியாது. வாரிசுகளும் பதிப்புரிமைச் சங்கமும் மட்டுமே விலக்கு. ஆனால் நான்கு பேரில் இசையமைப்பாளர் யார் என்று சட்டம் எப்படிச் சொல்லும்? கிதார்க்காரன் எதையோ மீட்ட, அதைக் கேட்டு டிரம்ஸ்காரன் தாளத்தை மாற்ற, அதனால் பாடுகிறவன் மெட்டை மேலே ஏற்றினால், அந்த மெட்டு யாருடையது?

இதை அந்த நால்வர்தான் உட்கார்ந்து பேசி, தாளில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அடுத்த பாட்டுக்கு, வெளியிடுவதற்கு முன்பே. வெளிவந்துவிட்ட பாட்டுக்கு இன்றைக்கே. யூடியூபில் விவரத்தைத் திருத்த ஐந்து நிமிடம்கூட ஆகாது. எழுதிய பிள்ளையின் பெயரை முதலில் போடச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்