பெயின்ட் அடிக்கும் முன் அடியில் பாருங்கள்

தூத்துக்குடியில் கார் பட்டறை நடத்துகிறேன். 15 ஆண்டு முடிந்த கார்கள் எஃப்.சி. என்னும் தகுதிச் சான்றுக்குப் போகுமுன் என் பட்டறைக்கு வருவது வழக்கம். டிங்கரிங் செய்ய வேண்டும், பெயின்ட் அடிக்க வேண்டும், சீட் கவர் மாற்ற வேண்டும் என்று வேலைப் பட்டியல் நீளும். பிரேக் பைப்பையும் பெட்ரோல் பைப்பையும் பார்க்கச் சொல்பவர்கள் அபூர்வம். உயிரைக் காக்கும் பொருளுக்குக் கடைசி இடம் தரும் இந்தப் பழக்கம் மாற வேண்டும்.

மாருதி 800 ஆனாலும் அம்பாஸடர் ஆனாலும், பெடலில் நாம் கொடுக்கும் அழுத்தத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுபோவது காருக்கு அடியில் ஓடும் ஒரு மெல்லிய இரும்புக் குழாய்தான். பெரும்பாலான கார்களில் அதன் வெளிவிட்டம் 4.75 மில்லிமீட்டர். சுவரின் கனம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. டயருக்குள் இருக்கும் காற்றின் அழுத்தம் சுமார் 2 பார். குறுக்கே மாடு வந்து, நாம் பெடலைப் பலமாக மிதித்தால் இந்தக் குழாய்க்குள் அழுத்தம் 100 பாரைத் தொடக்கூடும். தெருமுனையில் மெதுவாக மிதிக்கும்போதெல்லாம் தாங்கிய துருப்பிடித்த பைப், அவசரத்துக்கு மிதிக்கும் அந்த நொடியில்தான் உடையும். பெரும்பாலான கார்களில் பிரேக் இரண்டு வழியாகப் பிரிந்திருப்பதால் ஒரு வழி போனாலும் மற்றது வேலை செய்யும். ஆனால் பெடல் கீழே இறங்கிவிடும், கார் நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டித்தான் நிற்கும்.

எங்கள் ஊரில் கடலும் உண்டு, உப்பளமும் உண்டு. உப்புக் காற்று இரும்பைச் சும்மா விடாது. பைப்பைக் காரின் அடிப்பாகத்தோடு பிடித்திருக்கும் கிளிப்புகளுக்குள் மண்ணும் ஈரமும் தங்கும். துரு அங்கேதான் தொடங்கும். மேலே அடித்த கறுப்புப் பூச்சு நன்றாகத்தான் தெரியும். கிளிப்பைக் கழற்றிச் சுரண்டினால் பைப் செதில் செதிலாக உதிரும். ஆபத்து உள்ளேயும் உண்டு. பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அதை மாற்றாத காரில் பைப் உள்பக்கமும் அரிக்கும்.

அடுத்த பிரச்சினை ஒட்டு வேலை. பழைய நட்டுகள் துருவேறி இறுகியிருக்கும். சாதாரண ஸ்பானர் போட்டால் முனை மழுங்கிவிடும். பின்சக்கரம் வரை முழு பைப்பையும் மாற்றச் சில கார்களில் பெட்ரோல் டேங்கையே இறக்க வேண்டும். "அண்ணாச்சி, சாயங்காலம் வண்டி வேணும், அந்த இடத்த மட்டும் வெட்டி ஒட்டிக் குடுங்க" என்பார்கள். நான் செய்வதில்லை. ஓர் இடம் அரித்திருந்தால் அதே வயதுள்ள மீதிப் பைப்பும் அதே நிலையில்தான் இருக்கும். ஃபிரிட்ஜுக்குப் போடும் செம்புக் குழாயை வைத்து இணைப்பவர்களும் இருக்கிறார்கள். வெறும் செம்பு அதிர்வில் இறுகி விரிசல் விடும். பிரேக்குக்கென்றே செய்த பூச்சுள்ள இரும்புக் குழாயோ, செம்பும் நிக்கலும் கலந்த குழாயோதான் போட வேண்டும். முனையை இரட்டை மடிப்பாக விரித்து, நட்டு போட்டு, நான்கு சக்கரத்திலும் ஏர் எடுத்து முடிக்க வேண்டும். நான்கு டயர் மாற்றும் செலவைவிட இந்தச் செலவு குறைவு.

பெட்ரோல் ஹோஸுக்கும் இதே கவனம் தேவை. இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 2023 ஏப்ரலுக்கு முன் வந்த கார்களில் பெரும்பாலானவற்றின் ரப்பர் பாகங்கள் இந்த அளவு எத்தனாலை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை அல்ல. பழைய ரப்பர் உப்பும், பிறகு வெடிக்கும். காலையில் கார் அருகே பெட்ரோல் வாசனை வந்தால் அன்றே ஹோஸைப் பாருங்கள். கார்புரேட்டர் காருக்கான ஹோஸை இன்ஜெக்ஷன் காரில் மாட்டாதீர்கள். இன்ஜெக்ஷன் லைனில் அழுத்தம் 3 பார் அளவுக்கு இருக்கும். அந்த ஹோஸ் பிளந்து சூடான இன்ஜின்மேல் பெட்ரோல் பீய்ச்சினால் தீப்பிடிக்க ஒரு பொறி போதும்.

அரசுக்கும் ஒரு கோரிக்கை. சொந்தக் காருக்கு முதல் 15 ஆண்டுக்குப் பின்தான் எஃப்.சி.; அதன்பின் 5 ஆண்டுக்கு ஒருமுறை. கடலோர ஊரில் ஒரு பைப் பாழாக 5 ஆண்டு தாராளம். பிரிட்டனில் 3 ஆண்டு தாண்டிய கார் ஆண்டுதோறும் சோதனைக்குப் போகிறது. பிரேக் பைப் மோசமாக அரித்திருந்தால் சான்று கிடையாது. இங்கே 2022 ஏப்ரலில் பழைய காரின் மறுபதிவுக் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது. அவ்வளவு கட்டணம் வாங்கும்போது, காரைப் பள்ளத்தின் மேல் நிறுத்தி, விளக்கடித்து, பைப்பை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்ப்பதைக் கட்டாயமாக்க வேண்டும். கடலோர மாவட்டங்களில் 2 ஆண்டுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும்.

சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. அடுத்த முறை சர்வீஸுக்கு விடும்போது காரைத் தூக்கச் சொல்லி, நீங்களே அடியில் நின்று பாருங்கள். பைப்பில் துரு செதிலாக உரிந்தால், ஹோஸை வளைக்கும்போது கீறல் தெரிந்தால், முழுதாக மாற்றச் சொல்லுங்கள். பெயின்ட் அடுத்த மாதம் அடித்துக்கொள்ளலாம்.