பங்கு வைக்குமுன் ஒளித்து வைத்த பானை

லிட்டர் பெட்ரோலுக்குப் பத்து ரூபாய். டீசலுக்குப் பதின்மூன்று ரூபாய். 2020 மே 6ஆம் தேதி மத்திய அரசு ஒரே வீச்சில் ஏற்றிய கலால் வரி இது.

அன்று நாம் எந்த நிலையில் இருந்தோம் என்பதை நம் வாசகர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. மார்ச் 24ஆம் தேதி இரவு எட்டு மணிக்கு அறிவித்து, நள்ளிரவு பன்னிரண்டு மணிக்கெல்லாம் நாட்டையே பூட்டியது தில்லி. பட்டறை மூடிக்கிடந்தது, கட்டட வேலை நின்றுபோனது, கூலி இல்லை, வாடகைக்கு வழியில்லை. மே மாதத் தொடக்கத்தில் ரயில் கிடைத்தவர்கள் சிலர்; சாலையில் நடந்தவர்கள் ஏராளம். அந்த வாரத்தில்தான் இந்த வரி வந்தது. உலகச் சந்தையில் எண்ணெய் விலை தரைமட்டத்துக்கு விழுந்திருந்த நேரமாதலால் பங்க்கில் விலை ஏறவில்லை. எனவே பலர் கவனிக்கவும் இல்லை. இறங்கியிருக்க வேண்டிய விலை இறங்காமல் போனது, அவ்வளவுதான். நம் சட்டைப்பையில் தங்கியிருக்க வேண்டிய பணம் தில்லிக் கருவூலத்துக்குப் போனது.

போகட்டும், நெருக்கடிக் காலம், அரசாங்கத்துக்கும் பணம் வேண்டுமே என்று சொல்வோர் உண்டு. சரி. அந்தப் பத்து ரூபாயில், அன்று நமக்குக் கஞ்சி காய்ச்சி ஊற்றிய மாநிலங்களுக்குப் பங்கீட்டில் வந்தது எவ்வளவு? ஒரு காசுகூட இல்லை! ஏனென்றால் அந்த வரி முழுவதையும் 'சாலை செஸ்' என்றும், 'சிறப்புக் கூடுதல் கலால்' என்றும் பெயர் சூட்டிப் போட்டார்கள். செஸ் என்றோ மேல்வரி என்றோ பெயர் வைத்துவிட்டால் அதை மாநிலங்களோடு பங்கிட வேண்டியதில்லை. அரசியல் சட்டத்தின் 270ஆவது, 271ஆவது பிரிவுகள் திறந்துவைத்திருக்கும் கதவு அது.

இந்தக் கணக்கைச் சற்று நிதானமாகப் போட்டுப் பார்ப்போம். நம் வீட்டுப் பிள்ளைகள் போட்டுவிடக்கூடிய கணக்குதான். 2021 பிப்ரவரியில் ஒரு லிட்டர் பெட்ரோலில் மத்திய அரசின் வரி மொத்தம் 32 ரூபாய் 90 காசு. அதில் சாலை செஸ் 18 ரூபாய், சிறப்புக் கூடுதல் கலால் 11 ரூபாய், விவசாய செஸ் இரண்டரை ரூபாய். இவை மூன்றும் தில்லிக்கே. மிச்சமிருந்த அடிப்படைக் கலால் 1 ரூபாய் 40 காசு மட்டுமே பங்குக்கு உரியது. நிதிக்குழு சொன்ன 41 சதவிகிதப்படி அதில் எல்லா மாநிலங்களுக்குமாகச் சேர்ந்தது 57 காசு. அந்த 57 காசையும் 28 மாநிலங்கள் பிரித்துக்கொள்ள வேண்டும். மகாராஷ்டிரத்துக்கு மூன்றரைக் காசு. தமிழ்நாட்டுக்கு இரண்டே கால் காசுக்குச் சற்று மேல். 2021 நவம்பரிலும் 2022 மேயிலும் இந்த வரியைக் குறைத்தார்கள் என்பது உண்மை. 32 ரூபாய் 90 காசு 19 ரூபாய் 90 காசாக இறங்கியது. பங்குக்கு உரிய 1 ரூபாய் 40 காசு மட்டும் அப்படியே இருந்தது.

மாநிலங்கள் மட்டும் பெட்ரோலுக்கு வரி போடவில்லையா என்று கேட்பார்கள். போடுகின்றன. அதில் குறை இருந்தால் அந்தந்தச் சட்டமன்றத்தில் கேட்கலாம். தமிழ்நாடு 2021 ஆகஸ்டில் லிட்டருக்கு மூன்று ரூபாய் குறைத்தது. மாநிலம் தன் பெயரில் போடும் வரியைக் கண்ணால் பார்க்கிறோம். பங்கிட வேண்டிய வரியைப் பங்கிடாத வரியாகப் பெயர் மாற்றுவது வேறு சங்கதி. சாலை செஸ்ஸிலிருந்து மாநிலச் சாலைகளுக்கும் தருகிறோமே என்று இன்னொரு பதில் வரும். தருகிறார்கள்தான், எந்தச் சாலைக்கு என்பதற்கு அவர்களிடம் ஒப்புதல் வாங்கிக்கொண்டு நிற்க வேண்டும். பங்கு என்பது உரிமை, இது படியளப்பு.

2011-12இல் மத்திய அரசின் மொத்த வரி வருவாயில் செஸ், மேல்வரி இரண்டும் சேர்ந்து ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு. 2020-21இல் அது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காயிற்று. ஏட்டில் 41 சதவிகிதம் என்று எழுதியிருந்த அந்த ஆண்டில் தில்லி திரட்டிய மொத்த வரி 20.27 லட்சம் கோடி. மாநிலங்களுக்குப் பங்காக வந்தது 5.95 லட்சம் கோடி. முப்பது சதவிகிதத்தைக்கூட எட்டவில்லை.

அதே 2020ஆம் ஆண்டில் நடந்த இன்னொன்றையும் மறக்கக் கூடாது. 2017 ஜூலை 1ஆம் தேதி ஜி.எஸ்.டி. வந்தபோது மாநிலங்கள் தம் கையிலிருந்த விற்பனை வரியை விட்டுக்கொடுத்தன. சும்மா கொடுக்கவில்லை, ஐந்தாண்டுகளுக்கு ஆண்டுக்கு 14 சதவிகித வளர்ச்சிக்கு ஈடு செய்வோம் என்று சட்டப்படி வாக்களித்துத்தான் வாங்கினார்கள். 2020 ஆகஸ்டில் பணம் கொடுக்க வேண்டிய நேரம் வந்ததும், கொரோனா கடவுளின் செயல், மாநிலங்கள் கடன் வாங்கிக்கொள்ளட்டும் என்றார் மத்திய நிதியமைச்சர். மாநிலங்கள் போராடிய பிறகே தில்லி தானே கடன் வாங்கிக் கைமாற்றிக் கொடுத்தது: அந்த ஆண்டு 1.10 லட்சம் கோடி, மறு ஆண்டு 1.59 லட்சம் கோடி. அந்தக் கடனை அடைத்தது யார்? ஈட்டுக்கான செஸ்ஸை 2026 மார்ச் வரை நீட்டி, சாமான் வாங்கிய மக்களிடமே வசூலித்தார்கள்.

நாம் நியாயம் தவறிப் பேச விரும்பவில்லை. அந்த நாட்களில் இலவச அரிசியும் கோதுமையும் மத்தியக் கிடங்கிலிருந்து வந்தன. ஆனால் நோயாளிக்குப் படுக்கை, தனிமைப்படுத்தும் முகாம், தகனம், பள்ளிக்கூடத்தில் பொங்கிய சோறு, எல்லையில் நின்றவனுக்குப் பேருந்து, இத்தனையும் மாநிலத்தின் தலையிலும் மாநகராட்சியின் தலையிலும் விழுந்தன. பூட்டியவர் ஒருவர், செலவு செய்தவர் இன்னொருவர். மருத்துவமும் போலீசும் மாநிலப் பொறுப்பு என்று அரசியல் சட்டம் எழுதிவைத்திருக்கிறது. பெரிய வரிகளையோ மையத்திடம் கொடுத்திருக்கிறது. இந்தக் கோணலை நேராக்கத்தான் 280ஆவது பிரிவின்படி நிதிக்குழு என்று ஒன்று ஐந்தாண்டுக்கு ஒருமுறை அமைகிறது. 1951இல் கே.சி. நியோகி தலைமையில் முதல் குழு அமைந்த நாளிலிருந்து இன்றுவரை, குழு ஒரு வாசலைத் திறந்தால் தில்லி மறுவாசலில் மூட்டை கட்டுவதே வழக்கமாயிற்று. 1957இல் துணி, சர்க்கரை, புகையிலை ஆகியவற்றுக்கு மாநிலங்கள் போட்ட விற்பனை வரியை எடுத்துக்கொண்டு, பதிலுக்குக் கூடுதல் கலாலில் பங்கு தருகிறோம் என்றார்கள். 1959இல் கம்பெனிகள் கட்டிய வருமான வரியைக் கம்பெனி வரி என்று தனியாகப் பிரித்தார்கள். பங்கிலிருந்து அது வெளியேறிவிட்டது. 2000ஆம் ஆண்டில் 80ஆவது திருத்தம் வந்து எல்லா மத்திய வரியும் பங்குக்கு உரியது என்று சொன்னபோது மாநிலங்கள் மகிழ்ந்தன. அதே திருத்தத்தில் செஸ்ஸும் மேல்வரியும் நீங்கலாக என்ற சொற்களும் இருந்தன. அந்தச் சொற்களின் விலைதான் மேலே நாம் போட்ட பெட்ரோல் கணக்கு.

இதைத் தமிழ்நாட்டார் மட்டும் கிளப்பும் கூச்சல் என்று சொல்லி ஒதுக்கிவிட முடியாது. 1969இல் தமிழக அரசு அமைத்த இராஜமன்னார் குழு 1971இல் அறிக்கை தந்தது. 1974இல் சட்டமன்றம் மாநில சுயாட்சித் தீர்மானம் நிறைவேற்றியது. 1977இல் மேற்கு வங்க இடதுசாரி அரசு, வருவாயில் 75 சதவிகிதத்தை மாநிலங்களுக்குக் கொடு என்றது. 1983 மார்ச்சில் தென்மாநில முதலமைச்சர்கள் பெங்களூரில் கூடினார்கள். சில நாட்களிலேயே சர்க்காரியா ஆணையத்தை அறிவிக்க வேண்டியதாயிற்று. 2023 டிசம்பரில் கேரளம் கடன் வரம்புக்காக உச்சநீதிமன்றம் ஏறியது. 2024 பிப்ரவரியில் ஜந்தர் மந்தரில் ஒரு நாள் கர்நாடக முதலமைச்சர், மறுநாள் கேரள முதலமைச்சர். கட்சிகள் வேறு, மொழிகள் வேறு, கேட்டது ஒன்றே.

இங்கேதான் நம்மவர்களிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது. அண்மைக் காலமாக, 'நம் பணத்தைப் பீகார்க்காரன் தின்கிறான்' என்ற பேச்சு நம் சால்களிலும் டீக்கடைகளிலும் கேட்கிறது. 2021 முதல் ஐந்தாண்டுக்கான பங்கீட்டில் உத்தரப் பிரதேசத்துக்கு 17.9 சதவிகிதம், பீகாருக்கு 10 சதவிகிதம், தமிழ்நாட்டுக்கு 4.08 சதவிகிதம் என்பது உண்மையே. மக்கள்தொகையைக் கட்டுப்படுத்திய மாநிலங்கள் அதனாலேயே இழந்தன என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. அதை நாம் விடப்போவதில்லை. ஆனால் பந்தியில் உட்கார்ந்துகொண்டு பக்கத்து இலையையே பார்த்துக்கொண்டிருந்தால், பந்திக்கு வராமல் சமையற்கட்டிலேயே மறைத்து வைத்த அண்டா கண்ணில் படாது. செஸ் பணம் பங்குக்கு வந்தால் பீகாருக்கும் கூடும், தமிழ்நாட்டுக்கும் கூடும், மகாராஷ்டிரத்துக்கும் கூடும். மாநிலங்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்வதில் லாபம் அண்டாவை வைத்திருப்பவருக்கே.

அன்றியும், 'எங்கள் சோற்றைத் தின்ன வந்தவர்கள்' என்ற வசவை வாங்கியவர்கள் நாம். 1966க்குப் பிறகு மும்பையில் தென்னாட்டுக்காரர் கடைகளும் ஓட்டல்களும் பட்ட பாட்டை நம் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை அடிக்கிறார்கள் என்று பொய்ப் படங்களைப் பரப்பியபோது, பதறி ரயிலேறிய அந்தப் பிள்ளைகளின் முகத்தில் நம் முகமே தெரிந்தது. திருநெல்வேலியிலிருந்து நாம் ஏன் வந்தோமோ, தர்பங்காவிலிருந்து அவனும் அதற்காகவே வந்திருக்கிறான். பத்து சதவிகிதம் வாங்கும் மாநிலத்திலிருந்து அவன் ஏன் இன்னும் வருகிறான் என்று கேட்டால் வாதம் சரியான இடத்துக்குப் போய்ச் சேரும்.

ஊர் விட்டு வந்த நமக்கு இதில் இன்னொரு கணக்கும் உண்டு. அதை எந்தத் தலைவரும் மேடையில் பேசுவதில்லை. பங்கீட்டுக்கு எடுத்துக்கொண்ட மக்கள்தொகை 2011ஆம் ஆண்டுக் கணக்கு. 2021இல் எடுக்க வேண்டிய கணக்கெடுப்பு நடக்கவில்லை. ஆகவே 2011க்குப் பின் மும்பைக்கோ பெங்களூருக்கோ சூரத்துக்கோ வந்தவர், நிதிக்குழுவின் ஏட்டில் இன்னும் ஊரில்தான் இருக்கிறார். குழாய்த் தண்ணீர், பிரசவ வார்டு, பிள்ளைக்குப் பள்ளி, எல்லாவற்றுக்கும் அவர் நிற்பது இங்கே உள்ள வரிசையில். வரிசை நீண்டால், 'இந்த மதராசிகளால்தான்' என்று முணுமுணுக்கிறார்கள். தலைக்கு வர வேண்டிய பணம் வராததால் நீண்ட வரிசை அது என்று அவர்களுக்கு யார் சொல்வது? மும்பை மாநகராட்சியின் கதை இதற்கு மேல். முலுண்டிலும் தஹிசரிலும் நம் லாரி ஓட்டுநர்கள் இரவெல்லாம் காத்துக்கிடந்த ஆக்ட்ராய் நாக்காக்கள் 2017 ஜூலையில் மூடப்பட்டன. ஓட்டுநருக்கு நிம்மதிதான், மறுக்கவில்லை. ஆனால் மாநகராட்சியின் மிகப் பெரிய சொந்த வருவாய் அன்றோடு போயிற்று; அதன் பிறகு மாநில அரசு தரும் ஈட்டுத் தொகையை எதிர்பார்த்து நிற்கிறது. மாநிலம் தில்லியை நோக்கிக் கையேந்த, மாநகராட்சி மாநிலத்தை நோக்கிக் கையேந்த, கடைசியில் மருந்து இல்லை என்று திருப்பி அனுப்பப்படுகிறவர் நாம்.

கையேந்த வைத்தபின் நிபந்தனை போடுவது எளிது. புதிய கல்விக் கொள்கையோடு சேர்ந்த திட்டத்தில் கையெழுத்திடவில்லை என்பதற்காக, 2024-25இல் தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்குரிய 2,152 கோடி ரூபாயை நிறுத்தினார்கள். மேற்கு வங்கத்துக்கு 2022 மார்ச் முதல் நூறு நாள் வேலைப் பணத்தை நிறுத்தினார்கள், முறைகேடு என்றார்கள். முறைகேடு செய்தவரைப் பிடித்து உள்ளே தள்ளட்டும். மண் சுமந்த பெண்ணின் கூலியை ஆண்டுக்கணக்கில் நிறுத்துவது எந்தத் தணிக்கையில் சேர்த்தி? உயர்நீதிமன்றம் 2025 ஜூனில் சொன்ன பிறகும் தில்லி உச்சநீதிமன்றம் வரை போய்த் தோற்றது.

அந்த நூறு நாள் வேலைச் சட்டமே 2025 டிசம்பரில் மாற்றப்பட்டுவிட்டது. நம்மில் எத்தனையோ பேரின் தாயும் அத்தையும் ஊரில் அந்த வேலையை நம்பி இருப்பவர்கள். பழைய சட்டத்தில் உடலுழைப்புக் கூலி முழுவதும் மத்திய அரசின் பொறுப்பு. புதிய சட்டத்தில் நாட்கள் 125 என்கிறார்கள்; செலவில் நூற்றுக்கு நாற்பதை மாநிலம் போட வேண்டும், தில்லி குறித்த ஒதுக்கீட்டுக்கு மேல் போனால் அந்தச் சுமையும் மாநிலத்துக்கே. பெயர் தில்லி சூட்டிய பெயர், விதி தில்லியின் விதி. அந்த நாற்பதை எங்கிருந்து எடுப்பது? பெட்ரோலில் வரும் இரண்டே கால் காசிலிருந்தா?

2024 நவம்பரில் 16ஆவது நிதிக்குழுவிடம் தமிழ்நாடு 50 சதவிகிதம் கேட்டது. வேறு பல மாநிலங்களும் அதையே கேட்டன. குழு 41லேயே நிறுத்திவிட்டது. அந்தக் குழுவோடு வழக்கு முடிந்துவிடவில்லை. பாதிப் பங்கு வேண்டும். அதைவிட முதலாக, செஸ்ஸும் மேல்வரியும் ஓர் அளவைத் தாண்டினால் மிச்சம் பங்குக்கு வந்தாக வேண்டும் என்று அரசியல் சட்டத்திலேயே எழுத வேண்டும். வேலை தேடி வந்தவர்களை வாழும் இடத்தில் எண்ணி, அந்த எண்ணிக்கைக்குப் பணம் தர வேண்டும். கூலிப் பணத்தையும் பள்ளிப் பணத்தையும் அரசியல் பேரத்துக்குப் பிணையாக வைக்கக் கூடாது. நம் வாக்கு சிலருக்கு ஊரில் இருக்கிறது, சிலருக்கு இங்கே இருக்கிறது. எங்கே இருந்தாலும், நாடாளுமன்றத்துக்குப் போக நம் வாசலுக்கு வருகிறவர் எந்தக் கட்சிக்காரராயினும், இதற்கு ஆதரவாகக் கை தூக்குவாரா என்று ஊரார் முன்னிலையில் கேட்டு, அவர் சொல்லும் பதிலைச் சங்கத்துக்கு எழுதி அனுப்புங்கள். வந்த பதில்களை ஊரும் தொகுதியும் குறித்து இந்தப் பக்கத்திலேயே வெளியிடுவோம்.