கற்பிப்பவருக்கும் இனிக்கும் பாடம்

தொடக்கப்பள்ளிப் பாடம் குழந்தைகளுக்கு இனிக்க வேண்டும் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. ஆனால், அப்பாடம் ஆசிரியருக்கு இனிக்கிறதா என்று நாம் கேட்பதில்லை. ஒரே எழுத்துகளையும் ஒரே வாய்பாட்டையும் ஆண்டுதோறும் சலிப்புடன் சொல்லும் குரலிலிருந்து ஆர்வம் பிறக்குமா? கற்பிப்பவரின் மகிழ்ச்சியே கற்பவரின் மகிழ்ச்சிக்கு ஊற்று என்பது என் கருத்து.

அம்மகிழ்ச்சியை எங்கே தேடுவது? அது வாழும் ஊரிலேயே கிடைக்கிறது. கடலூர் மாவட்டத்துப் பண்ருட்டி, பலாவுக்கும் முந்திரிக்கும் பெயர்பெற்றது. ‘முந்திரி’ என்னும் சொல் பழந்தமிழ்க் கணக்கில் 320இல் ஒரு பங்கையும் குறிக்கும். இரண்டு முந்திரி ஓர் அரைக்காணி. இரண்டு அரைக்காணி ஒரு காணி. நான்கு காணி ஒரு மா. இருபது மா சேர்ந்தால் ஒன்று. ஒரு சொல்லுக்குள் மொழியும் கணக்கும் கைகோத்து நிற்பதைக் கண்ட ஆசிரியர், அதனை வகுப்பில் சொல்லாமல் இருப்பாரா?

சிதம்பரத்து வீட்டு வாசல்களில் இடும் புள்ளிக் கோலமும் அத்தகையதே. 1, 3, 5, 7 என வரிசையாகப் புள்ளி வைத்துக் கூட்டிக்கொண்டே வந்தால் 1, 4, 9, 16 எனத் தொகை வளரும். பதினாறு புள்ளிகளையும் நான்கு நான்காக அடுக்கினால் சதுரம் தோன்றும். கோலமிட்ட முறையை ‘முதலில்’, ‘பிறகு’, ‘இறுதியில்’ எனக் குழந்தைகள் கோவையாகச் சொன்னால் அதுவே மொழிப்பாடம். ஒவ்வொரு குழந்தையும் ஒவ்வொரு விதமாகச் சொல்லும். ஆசிரியருக்கும் அங்கே புதுமை காத்திருக்கும்.

1864ஆம் ஆண்டு சிதம்பரத்தில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவிய ஆறுமுக நாவலர், சிறுவர்க்கான பாலபாட நூல்களைத் தாமே எழுதியவர். பாடத்தை ஆக்குவதும் ஆசிரியப் பணியே என்பதற்கு அவர் சான்று.

2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், பின்னர் மாநிலமெங்கும் பரவியது. 2022இல் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் அரும்பு, மொட்டு, மலர் எனக் கற்றல் நிலைகளை வகுத்தது. அட்டைகளும் பாடல்களும் பொம்மைகளும் வகுப்பறைக்குள் வந்தன. பல நிலை மாணவரை ஒருவரே கற்பிக்கும் பள்ளிகளுக்கு ஆயத்தக் கருவிகள் இன்றியமையாதவை என்பர் சிலர். அது உண்மையே. எனினும், கருவி கட்டளையாக மாறினால் விளையாட்டும் கடமையாகிவிடும். பதிவேடுகளை நிரப்புவதிலேயே பொழுது கழிந்தால், கோலப் புள்ளிகளை எண்ண நேரம் ஏது? கருவிகளோடு, தாமே பாடம் அமைக்கும் உரிமையையும் அதற்குரிய நேரத்தையும் ஆசிரியர்களுக்கு வழங்க வேண்டும்.

மாணவர்களே! உங்களுள் சிலர் நாளைய ஆசிரியர்கள். இன்று மாலையே உங்கள் தம்பிக்கோ தங்கைக்கோ ஒரு கணக்கைச் சொல்லிக்கொடுத்துப் பாருங்கள். குழந்தையின் கண்ணில் புரிதல் ஒளிரும் அந்த நொடியில் உங்கள் உள்ளமும் மலரும். அம்மலர்ச்சியை ஆசிரியர் நாள்தோறும் பெறுமாறு நம் பள்ளிகள் அமையட்டும்.