சங்கிலிக்கு எண்ணெய்

ஞாயிற்றுக்கிழமை காலை வேளையில் வெள்ளவத்தையிற் காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கைகளில் நடந்து செல்வோர் ஒரு காட்சியைக் காணாதிருக்க முடியாது. வாசலில் மோட்டார் சைக்கிள் நிற்கும். பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர் இருக்கும். இளைஞர் ஒருவர் பெற்றோல் தாங்கியை முகம் தெரியுமளவுக்குத் துடைத்துக்கொண்டிருப்பார். ஆனால் சற்றுக் குனிந்து பின்சக்கரத்தின் பக்கம் பார்த்தாலோ, சங்கிலி மட்டும் துருவேறிச் சிவந்து கிடக்கும். முகத்தை அலம்பிவிட்டுக் காலை அலம்ப மறந்தவரின் கதைதான் இது.

பழி முழுவதும் இளைஞர் மேல் அன்று. நாம் வாழும் ஊருக்கும் அதிற் பங்குண்டு. வெள்ளவத்தையிற் புகையிரதப் பாதையைத் தாண்டினால் அலை. கொட்டாஞ்சேனையிலோ துறைமுகம் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. இரண்டு இடத்துக் காற்றிலும் உப்பு உண்டு. மே மாதந் தொடங்கிச் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று மழையையும் கொணர்கிறது. உப்பும் ஈரமும் வீதிப் புழுதியும் ஒன்று சேர்ந்தால் மூடியில்லாத உருக்குச் சங்கிலி என்ன செய்யும்?

இன்று நாம் காணும் உருளைச் சங்கிலிக்கு 1880ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றவர் ஹான்ஸ் ரெனோல்ட் என்பவர். சுவிற்சர்லாந்திற் பிறந்து இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரிற் குடியேறியவர் அவர். அன்று அவர் வகுத்த அமைப்பே அடிப்படையில் இன்றும் நிலைத்திருக்கிறது. இரு பக்கத் தட்டுகளையும் ஒரு சிறு ஆணி இணைக்கிறது. ஆணியைச் சூழ ஒரு குழல். குழலைச் சூழ ஓர் உருளை. உருளை பற்சக்கரத்தின் பல்லிற் பொருந்துகிறது. குழலினுள்ளே ஆணி உரசித் திரும்புகிறது.

“சங்கிலி இழுபட்டுவிட்டது” என்று நாம் சொல்வது வழக்கம். உண்மையில் உருக்குத் தட்டுகள் இழுபடுவதில்லை. உள்ளே ஆணியும் குழலும் தேய்கின்றன. அத்தேய்வே சங்கிலியின் நீளமாக வெளித் தெரிகிறது. சிறிய மோட்டார் சைக்கிள்கள் பலவற்றின் சங்கிலியில் ஒரு கண்ணியின் நீளம் 12.7 மில்லிமீற்றர். இருபது கண்ணிகள் புதிதில் 254 மில்லிமீற்றர் இருக்கும். அது 259 ஆகிவிட்டால் சங்கிலியை மாற்றும் காலம் வந்துவிட்டது எனலாம். அப்படியானால் ஒவ்வொரு மூட்டிலும் தேய்ந்தது கால் மில்லிமீற்றர் மாத்திரமே! கண்ணுக்குத் தெரியாத அந்த இடத்திற்குத்தான் எண்ணெய் வேண்டும். வெளித்தட்டைப் பளபளப்பாக்குவதனால் ஆவது ஒன்றுமில்லை.

இனிச் செய்முறைக்கு வருவோம். அதற்கு முன்னர் ஒரு சொல்.

கொட்டாஞ்சேனையில் நமக்குப் பழக்கமான மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். அவருடைய வலக்கைச் சுட்டுவிரல் முதற்கணுவோடு நின்றுவிடும். தொழில் பழகிய காலத்தில், எஞ்சினை ஓடவிட்டுக் கியரில் போட்டு, தானாகச் சுழன்ற சங்கிலியைத் துணியாற் பிடித்துத் துடைத்தாராம். துணியைப் பற்சக்கரம் இழுத்தது. துணியோடு விரலும் போயிற்று. வேலை பழக வரும் பையன்களுக்கு அவர் முதலிற் சொல்லும் பாடம் இதுதான்: “தம்பி, திறப்பைக் கழட்டி உங்கட பொக்கற்றுக்குள்ள போடுங்கோ. பிறகு துணியை எடுங்கோ.”

இதைக் காட்டிலும் பெரிய விதி வேறில்லை. எஞ்சின் நிற்க வேண்டும். கியர் நியூட்ரலில் இருக்க வேண்டும். திறப்பு சட்டைப் பையில் இருக்க வேண்டும். வண்டியை நடுத்தாங்கியில் நிறுத்திச் சக்கரத்தைக் கையாற் சுற்றுங்கள். அதுவும் பின்னோக்கிச் சுற்றுங்கள். அவ்வாறு சுற்றும்போது கீழ்ச்சங்கிலி பின் பற்சக்கரத்தை விட்டு விலகிச் செல்லும். முன்னோக்கிச் சுற்றினால், துணியையும் விரலையும் பல்லுக்குள்ளே கொண்டுபோகும். கைவேகம் தானே என்று எண்ணலாகாது.

மண்ணெண்ணெயைச் சிறு தகரப் பேணியில் எடுத்து, பழைய பற்றூரிகையால் நாற்புறமும் தேய்த்து, உலர்ந்த துணியால் துடையுங்கள். பெற்றோல் வேண்டாம், தீப்பற்றும். சில சங்கிலிகளின் மூட்டுகளில் உள்ளிருக்கும் கிறீஸைக் காக்கச் சிறு றப்பர் வளையங்கள் உண்டு. பெற்றோலும் கம்பித் தூரிகையும் அவற்றைக் கெடுத்துவிடும். அழுக்கு மண்ணெண்ணெயை வடிகாலில் ஊற்றாதீர்கள். அது கடலுக்கே போய்ச் சேரும்.

நன்றாக உலர்ந்தபின் கியர் எண்ணெயையோ சங்கிலிக்கென விற்கும் எண்ணெயையோ கீழ்ச்சங்கிலியின் உட்புறத்தில், தட்டுகளின் இடுக்கிலே துளித்துளியாக விடுங்கள். சுழற்சியின் வேகம் எண்ணெயை வெளிப்புறமாகத் தள்ளுமாதலால், உட்புறத்தில் விட்டதே மூட்டினுள் ஊறும். எஞ்சினிலிருந்து வடித்த கறுத்த எண்ணெயிற் கரியும் உலோகத் துகளும் உண்டு; அதைத் தவிருங்கள். டயரிலும் பிறேக்கிலும் ஒரு துளியேனும் படாதவாறு பழைய பத்திரிகைத் தாளை மறைப்பாக வையுங்கள். மாலையிற் செய்து இரவு முழுவதும் ஊறவிடுவது நன்று. காலையில் மிகுந்ததைத் துடைத்துவிட வேண்டும். வழியும் எண்ணெயில் மணல் ஒட்டினால் அது அரம்போல் அராவும்.

ஏறத்தாழ 500 கிலோமீற்றருக்கு ஒருமுறையும், பெருமழையில் ஓடிய பின்னரும் இதைச் செய்தாற் போதும். அப்போதே கீழ்ச்சங்கிலியின் நடுவில் மேலுங் கீழும் அசைத்துத் தளர்வையும் பாருங்கள். சிறிய வண்டிகளுக்கு 25 முதல் 30 மில்லிமீற்றர் வரை பெரும்பாலும் பொருந்தும். வண்டியின் கைநூல் சொல்லும் அளவே முடிவானது. இறுக்கமே நல்லதென்று எண்ணாதீர்கள். ஆள் ஏறி அமர்ந்ததும் சங்கிலி மேலும் இறுகும்.

1958இல் ஹொண்டா நிறுவனம் வெளியிட்ட சூப்பர் கப் போன்ற வண்டிகளில் சங்கிலி முழு மூடிக்குள் இருக்கும். அவ்வித வண்டி வைத்திருப்போர் பாக்கியசாலிகள். எனினும் மூடிக்குள்ளும் எண்ணெய் வற்றும் என்பதை மறத்தலாகாது.

ஓடும் வேகத்தில் அறுந்த சங்கிலி பின்சக்கரத்தைச் சுற்றிப் பூட்டிவிடக் கூடும். காலி வீதியில் பின்னால் பஸ் வந்துகொண்டிருக்கும் வேளையில் அதன் பொருள் என்னவென்று நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. பிள்ளையைப் பின்னால் ஏற்றிப் பள்ளிக்கூடம் செல்லும் தந்தையரும், இரவு பகலாக வீடுவீடாகச் சாப்பாடு கொண்டு செல்லும் இளைஞரும் வாரத்தில் அரைமணி நேரத்தை இதற்கென ஒதுக்கலாம். தாங்கியைத் துடைக்கும் நேரத்திற் பாதி போதும்.

ஆனால் திறப்பு முதலிற் பொக்கற்றுக்குள் போகட்டும்.