சாவடி இல்லாத ஊர்

குடிநோயாளி ஒருவர் சிகிச்சை இல்லத்தில் முப்பது நாள் தங்கி வீடு திரும்புகிறார். இரண்டு மாதத்திற்குள் மீண்டும் குடிக்கிறார். ஊர் உடனே தீர்ப்பு எழுதிவிடுகிறது: "இவன் திருந்தமாட்டான். இவனுக்குச் செலவழித்ததெல்லாம் பாலாற்று மணலில் ஊற்றிய தண்ணீர்." இராணிப்பேட்டை தொடங்கி வேலூர், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி வரை, தோல் தொழிலை நம்பி வாழும் நம் ஊர்களில் இத்தீர்ப்பு ஒலிக்காத தெரு இல்லை. இது அநீதியான தீர்ப்பு என்பதே நம் வழக்கு.

சிகிச்சை எதைச் செய்கிறது, எதைச் செய்வதில்லை என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். குடியை நிறுத்திய முதல் வாரத்தில் கைநடுக்கமும் வலிப்பும் மனப்பிரமையும் வரக்கூடும். உயிருக்கே ஆபத்து நேரலாம். அக்கட்டத்திற்கு மருத்துவமனை இன்றியமையாதது. ஆனால் உறக்கமின்மை, படபடப்பு, காரணமற்ற எரிச்சல், குடிமேல் எழும் ஏக்கம் ஆகியவை பல மாதங்கள் நீடிக்கின்றன. மீண்டும் குடியில் விழுவோரில் பெரும்பாலோர் முதல் மூன்று மாதங்களிலேயே விழுகின்றனர். துணை மிகுதியாகத் தேவைப்படும் அந்த மாதங்களில்தான் அவர் தனியே விடப்படுகிறார்.

அவர் திரும்பிச் செல்லும் இடம் எது? அதே சுண்ணாம்புக் குழி; அதே பச்சைத் தோலின் நாற்றம். 'நெடியைத் தாங்கக் குடித்துத்தான் ஆகவேண்டும்' என்று சொல்லிக்கொடுத்த அதே கூட்டாளிகள். சனிக்கிழமை மாலை கையில் விழும் வாரக்கூலி. வீட்டுக்குப் போகும் வழியில் மதுக்கடை. வீட்டிலோ கடன்காரரின் குரலும், இன்னும் நம்பத் துணியாத மனைவியின் மௌனமும். இத்தனைக்கும் நடுவே ஒருவர் மன உறுதி ஒன்றினாலேயே நிமிர்ந்து நிற்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது, கால் முறிந்தவரின் கட்டைப் பிரித்த அன்றே மலையேறச் சொல்வதற்கு ஒப்பாகும்.

மருத்துவமனைக்கும் வீட்டிற்கும் இடையே ஓர் இல்லம் வேண்டும். எட்டு அல்லது பத்துப் பேர், ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை தங்கும் சாதாரண வீடு. பகலில் வேலைக்குச் செல்வார்கள். மாலையில் திரும்பிவந்து ஒன்றாகச் சமைத்து உண்பார்கள். கூலியில் ஒரு பங்கை இல்லச் செலவுக்குத் தருவார்கள். குடிப்பதில்லை என்பது மட்டும் மாற்ற முடியாத விதி.

இது வெறும் கற்பனை அன்று. 1975இல் அமெரிக்காவின் மேரிலாந்தில், மூடப்படவிருந்த ஓர் இடைக்கால இல்லத்தில் தங்கியிருந்தோர், அவ்வீட்டைத் தாமே வாடகைக்கு எடுத்து நடத்தத் தொடங்கினர். 'ஆக்ஸ்ஃபோர்டு இல்லங்கள்' என்ற பெயரில் அம்முறை நாடெங்கும் பரவியது. 2006இல் வெளிவந்த ஓர் ஆய்வு, சிகிச்சை முடித்த 150 பேரை இரண்டாண்டுகள் தொடர்ந்து கவனித்தது. வழக்கமான பின்கவனிப்பு மட்டும் பெற்றோரில் ஏறத்தாழ 65 விழுக்காட்டினர் மீண்டும் போதையை நாடியிருந்தனர். இல்லங்களில் வாழ்ந்தோரில் 31 விழுக்காட்டினரே அவ்வாறு நாடினர். நம் நாட்டிலும் முன்மாதிரிகள் உண்டு. மும்பை பாந்திராவில், கார்மேல் அன்னை ஆலய வளாகத்திலேயே 1981இல் அருட்தந்தை ஜோ பெரைரா கிருபா அறக்கட்டளையைத் தொடங்கினார். வேலூரிலோ கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம், நோயாளியுடன் குடும்பத்தாரையும் தங்கவைத்துச் சிகிச்சை அளிக்கும் முறையை 1957 முதலே வளர்த்தெடுத்தது.

சட்டமும் நம் பக்கமே உள்ளது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், மது மற்றும் போதைப்பொருளால் விளையும் மனநிலைகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் சேர்க்கிறது. இடைக்கால இல்லங்களை அரசு ஏற்படுத்தித் தரவேண்டிய சேவைகளுள் ஒன்றாகக் குறிப்பிடுகிறது. ஆக, நாம் கேட்பது பிச்சை அன்று, உரிமை.

ஒருவருக்கு ஏற்ற துணை மற்றவருக்கு ஏற்றதாகாது என்பதையும் வலியுறுத்துகிறோம். ஒருவருக்குக் கடனைச் சீரமைக்கும் வழி வேண்டும். இன்னொருவரின் குடிக்கு அடியில் மனச்சோர்வு மறைந்திருக்கும். அவருக்கு மருந்து வேண்டும். ஷூ கம்பெனியில் பசை ஒட்டும் பிரிவில் இருந்தவரை மீண்டும் அந்தக் கரைப்பான் நெடிக்குள் அனுப்பாமல் வேறு பிரிவுக்கு மாற்ற வேண்டும். குடிக்கும் பெண்ணோ, வெட்கத்தால் சிகிச்சை இல்லத்தின் வாசலையே மிதிப்பதில்லை. அவருக்குத் தனி இல்லம் வேண்டும். எல்லாருக்கும் ஒரே அறிவுரை, ஒரே முப்பது நாள் என்பது நிர்வாகத்திற்கு எளிது; நோயாளிக்கு உதவாது.

எதிர்ப்போர் மூன்று வாதங்களை முன்வைக்கின்றனர்.

'மதுவிலக்கு வந்தால் போதும்' என்பது முதல் வாதம். கடைகள் குறையவேண்டும் என்பதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆயினும், 1937இல் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு, 1971இல் நீக்கப்பட்டு, 1974இல் மீண்டும் வந்து, பின்னர் மறைந்ததை இம்மாநிலம் கண்டிருக்கிறது. சட்டம் வரலாம், போகலாம். ஏற்கெனவே நோயுற்றவருக்கு அச்சட்டம் மருந்தாகாது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோர் நச்சுச் சாராயத்திற்குப் பலியானதை மறக்கலாகுமா?

'பீடத்தின்முன் ஒருமுறை உறுதிமொழி எடுத்தால் போதும்' என்பது இரண்டாம் வாதம். டப்ளின் நகரத் தொழிலாளி மாட் டால்பட்டின் வரலாற்றை இவர்கள் படிக்கட்டும். 1884இல் அவர் முதலில் எடுத்தது மூன்று மாத வாக்குறுதியே. பிறகு ஆறு மாதம். அதன் பின்னரே வாழ்நாள் முழுமைக்கும். 1925இல் இறக்கும்வரை அதனைக் காத்தார். திரு அவை வணக்கத்துக்குரியவராகப் போற்றும் அவரே படிப்படியாக ஏறியிருக்க, நம் ஆம்பூர்த் தொழிலாளியை மட்டும் ஒரே தாவலில் ஏறச் சொல்வது என்ன நியாயம்?

'பணத்திற்கு எங்கே போவது?' என்பது மூன்றாம் வாதம். இதற்கான விடை நம் மண்ணிலேயே எழுதப்பட்டிருக்கிறது. தோல் கழிவால் பாலாறு பாழானதை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற கோட்பாடு இந்நாட்டுச் சட்டத்தின் ஒரு பகுதி என 1996 ஆகஸ்டு 28 அன்று உச்ச நீதிமன்றம் உரைத்தது. ஆற்றுக்குப் பொருந்தும் நீதி மனிதருக்குப் பொருந்தாதா? 2003 முதல் மதுச் சில்லறை விற்பனையை அரசே டாஸ்மாக் வழியாக நடத்துகிறது. 2023–24இல் அதன் வழி அரசுக்குக் கிடைத்த வருவாய் 45,855 கோடி ரூபாய். மறுபுறம், 2019இல் வெளியான தேசிய ஆய்வின்படி, இந்தியாவில் மதுவுக்கு அடிமையானோரில் 38 பேருக்கு ஒருவரே ஏதேனும் ஒரு சிகிச்சை பெறுகிறார். உள்நோயாளியாகத் தங்கிச் சிகிச்சை பெறுபவர் 180 பேருக்கு ஒருவரே. விற்ற கை ஆற்றவும் வேண்டும்.

ஆகவே நாம் கேட்கிறோம்: இத்தோல் நகரங்கள் ஒவ்வொன்றிலும் ஆண்களுக்கு ஓர் இடைக்கால இல்லத்தையும், வட்டாரத்திற்குப் பெண்களுக்கென ஓர் இல்லத்தையும் மது வருவாயிலிருந்து அரசு அமைக்கட்டும். தோல் ஆலைகளும் ஷூ கம்பெனிகளும் சிகிச்சைக்குச் சென்றவரின் வேலையைக் காத்துவைக்கட்டும். வார நாள்களில் பூட்டிக்கிடக்கும் பங்குக் கட்டடங்களுள் ஒன்றையேனும் இப்பணிக்குத் திறந்துவிட இறைமக்கள் தம் பங்குப் பேரவையில் தீர்மானம் கொண்டுவரட்டும். அரசு தரும்வரை காத்திருக்காமல் பத்துக் கட்டிலோடு தொடங்க முடியும்.

நல்ல சமாரியர் காயம்பட்டவருக்கு எண்ணெய் வார்த்ததோடு தம் வழியே போய்விடவில்லை. சாவடியில் சேர்த்து, இரண்டு தெனாரியம் கொடுத்து, மேற்செலவையும் தாமே ஏற்பதாக வாக்களித்தார். இத்தனை நாளுக்குள் எழுந்து நடந்தாக வேண்டும் என்று அவர் கெடு வைக்கவில்லை. எண்ணெய் வார்க்கும் கைகள் நம் ஊர்களில் உண்டு. இல்லாதது சாவடியே. அதனைக் கட்டுவோம்.