ஆதாரை குழுவில் போடாதீர்கள்

பூந்தமல்லி, ஆவடி பகுதி விவசாயிகளுக்கு விதை இருப்பு, மானியம், மழை அறிவிப்பு எல்லாம் வாட்ஸ்அப் குழுவில் வருவது நல்லதே. ஆனால், 'ஆதார், வங்கிப் புத்தகம், பட்டா அனுப்புங்கள்' என்றதும் அவற்றைப் படமெடுத்து அதே குழுவில் போடுவது ஆபத்து.

2020-இல் பி.எம். கிசான் திட்டத்தில் நடந்ததை மறக்கக் கூடாது. கொரோனா நிவாரணம் என்று சொல்லி இடைத்தரகர்கள் பலரிடம் ஆதார், வங்கிக் கணக்கு விவரங்களை வாங்கினர். தமிழகத்தில் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட தகுதியற்றவர்கள் திட்டத்தில் சேர்க்கப்பட்டனர். சி.பி.சி.ஐ.டி. விசாரணை வந்தது, கணக்குகளில் ஏறிய பணம் திரும்பப் பெறப்பட்டது. விவரம் கொடுத்தவர்களும் பதில் சொல்ல வேண்டியதாயிற்று.

நம் பகுதியில் வயலுக்கும் மனை விலை பேசப்படுகிறது. பட்டா, ஆதார், கையெழுத்து மூன்றும் ஒருசேரக் கிடைத்தால் ஆள்மாறாட்டம் எளிதாகிவிடும். குழுவில் போட்டதைப் பிறகு அழித்தாலும், அதற்குள் சேமித்தவர் போனில் அது இருக்கும்.

எனவே ஆவணங்களை வேளாண்மை விரிவாக்க மையத்தில் நேரில் கொடுங்கள். நகலின் மேல் எந்தத் திட்டத்துக்கு என்பதையும் தேதியையும் எழுதுங்கள். போனில் கேட்பவரிடம் ஓடிபி சொல்லாதீர்கள். திட்டத்தின் பெயரில் வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்பைத் திறக்காதீர்கள். பணம் பறிபோனால் உடனே 1930 எண்ணை அழையுங்கள்.

விவசாயிக்கு மட்டும் புத்தி சொல்லிப் பயனில்லை. உதவி வேளாண்மை அலுவலர் கேட்டால் அவர் நம்பி அனுப்பத்தான் செய்வார். ஆகவே, குழுவில் ஆவணம் கேட்கும் வழக்கத்தைக் களப் பணியாளர்கள்தான் முதலில் கைவிட வேண்டும். குழுவில் முகாம் நடக்கும் நாளையும் இடத்தையும் மட்டும் அறிவிக்கட்டும். ஆவணங்களை முகாமில் வாங்கிக்கொள்ளலாம்.